ஹாரன் அக்காவின் ஜெர்மன்

பேருந்து டிப்போவில் அவளுக்கு ஹாரன் அக்கா என்றுதான் பேர். ஸ்டோர் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தபடி, "ஃபேன் பெல்ட் கேட்டது யாருப்பா?" என்று ஒரு குரல் கொடுத்தால், மைதானத்தின் மறுகோடியில் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடக்கும் மெக்கானிக் திடுக்கிட்டு எழுந்து நெற்றியை இடித்துக்கொள்வார். பிறவியிலேயே வந்த குரல் இல்லை அது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளும் மெதுவாகத்தான் பேசினாள். ஆனால் ஒரு பக்கம் என்ஜின் உறுமும். இன்னொரு பக்கம் நசுங்கிய தகரத்தைச் சுத்தியலால் நிமிர்த்திக்கொண்டிருப்பார்கள். நடுவே நட்டும் போல்ட்டும் கேட்டு வருகிறவர்களுக்கு அளவைச் சொல்லிப் புரியவைக்க வேண்டும். மெதுவாகச் சொன்னால் ஒன்றுக்கு இன்னொன்றை எடுத்துப் போய் மாட்டிவிடுவார்கள். தொண்டை தானாகத் திறந்துகொண்டது. பிறகு மூடவில்லை.

வீட்டிலும் அதே கதைதான். கணவர் பாதி ஆயுளை ஓட்டுநர் இருக்கையில் கழித்து ஓய்வு பெற்றவர். என்ஜின் பக்கத்துக் காது எப்போதோ அவரிடம் விடைபெற்றுக்கொண்டது. இவருக்காகத்தான் கத்துகிறேன் என்பாள் அவள். இவள் கத்தித்தான் காது போனது என்பார் அவர். மரம் முந்தியா விதை முந்தியா என்று அக்கம்பக்கத்தார் சிரித்துக்கொள்வார்கள்.

ஒரே மகன். படித்து, கப்பல் கட்டும் கம்பெனியில் வேலை கிடைத்து ஜெர்மனிக்குப் போனவன், அங்கேயே ஒரு பெண்ணைப் பார்த்து, பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் வீட்டுக்குப் போன் செய்தான். கணவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, மூன்றாம் நாள் மருமகளின் புகைப்படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் காட்டினார். அக்காவுக்கு அப்படி மனசு ஆறவில்லை. அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள் என்று புத்தி சொல்லும், நெஞ்சு கேட்காது. ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் மகனுக்குப் பக்கத்தில் ஒரு கிராப்புத் தலை எட்டிப் பார்க்கும். "அத்தே, சாப்டாச்சா?" என்று மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கும். அக்கா ஒரு தலையசைப்போடு, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்து போய்விடுவாள். அடுப்பில் ஒன்றும் இருக்காது.

இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது.

அந்த நாய்க்குட்டி கிடைத்தது டிப்போவின் பழைய டயர் குவியலில். மழை விட்ட ஒரு காலை, டயருக்குள் தேங்கிய தண்ணீரைக் கொட்டப் போன காவலாளி, ஒரு டயரின் வளைவுக்குள் சுருண்டு கிடந்த பழுப்பு உருண்டையைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வந்தார். தாய் இருந்த சுவடே இல்லை. உடம்பில் பாதி காது, மீதி வயிறு. கவுண்டர் மேல் வைத்ததும், சில்லறைத் தட்டில் இருந்த ஒரு நட்டை வாயில் கவ்விக்கொண்டு கொடுக்கமாட்டேன் என்று முறைத்தது. அதனால் நட்டு என்று பேர் விழுந்தது. ரெண்டு நாள் இருக்கட்டும், யாராவது கேட்டால் கொடுத்துவிடலாம் என்று அக்கா வீட்டுக்கு எடுத்துப் போனாள். அந்த ரெண்டு நாள் இன்னும் முடியவில்லை.

வீடு ரணகளமானது. கணவரின் செருப்பில் இடது கால் காணாமல் போனது. மூக்குக் கண்ணாடிக் கூடு, சோபாவின் மூலை, நாற்காலிக் கால் என்று நட்டு ஒவ்வொன்றாகச் சுவை பார்த்தது. அக்கா கத்தினாள். கத்தக் கத்த அதற்குக் கொண்டாட்டம். அவள் குரல் ஏறினால், ஆட்டம் ஆரம்பித்துவிட்டது என்று அது வாலைச் சுழற்றிக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடும். "வா"ன்னா ஓடும், "போ"ன்னா வரும். டிப்போவே நடுங்கும் குரலுக்கு இந்தக் கைப்பிடி அளவுப் பிராணி மசியவில்லை. கணவருக்கு உள்ளூரச் சந்தோஷம். இத்தனை வருஷத்தில் உன்னை ஜெயித்த முதல் ஆள் இதுதான் என்றார்.

ஒரு ஞாயிறு, அழைப்பு ஓடிக்கொண்டிருந்தபோது, நட்டு மேஜை விரிப்பைப் பிடித்து இழுத்தது. போன் சரிந்து தரையில் மல்லாந்து விழுந்தது. குட்டி அதன் மேல் ஏறி நின்று திரையை முகர்ந்தது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. மனப்பாடம் செய்யாத, அடிவயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. அக்கா போனை எடுத்தபோது மருமகள் மகனை ஒதுக்கித் தள்ளிவிட்டுத் திரையை நிறைத்து உட்கார்ந்திருந்தாள். கண்கள் அகன்றிருந்தன. குட்டியையே பார்த்தபடி மடமடவென்று எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

மகன் மொழிபெயர்த்தான். குட்டி எந்தக் கையால் சாப்பாடு கொடுத்தால் வாங்குகிறது, தூங்கி எழுந்ததும் எங்கே போகிறது, சத்தம் கேட்டால் காது முன்னால் வருகிறதா பின்னால் போகிறதா? அக்காவுக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. இதெல்லாம் உன் பெண்டாட்டிக்கு எதற்கு என்று கேட்டாள்.

"அவ வேலையே அதானேம்மா. நாய்களைப் பழக்கறா. கட்டடம் இடிஞ்சு விழுந்தா உள்ள சிக்கினவங்களைத் தேடுற நாய்ங்க. உங்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கேன், நீ எங்க காதுல வாங்கின?"

அக்கா மருமகளை முதல் தடவையாக நிதானமாகப் பார்த்தாள். முழங்கையில் ஒரு பழைய பல் தழும்பு இருந்தது.

பழக்கிக் கொடுக்கிறேன் என்றாள் மருமகள். போனிலேயே, தினமும் கொஞ்ச நேரம். ஆனால் ஜெர்மனில்தான் என்றாள். அதைக் கேட்டுக் கணவர், நாய்க்கு விசா எடுக்கணுமா என்று கேட்டார். மகன் காரணத்தைச் சொன்னான். உங்கள் வீட்டில் நாள் முழுக்க வா, போ, உட்காரு, எடு, விடு என்று யாராவது யாரையாவது சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள். அதில் எது தனக்கு, எது அப்பாவுக்கு என்று குட்டி எப்படிக் கண்டுபிடிக்கும்? அதற்கென்று தனியாகச் சில வார்த்தைகள் வேண்டும். அந்த வீட்டில் வேறு யாரும் வேறு யாரிடமும் சொல்லாத வார்த்தைகள். தவிர, இவளுக்கு வாயும் கையும் கண்ணும் சேர்ந்து வேலை செய்வது தாய்மொழியில்தான். எனக்கு அந்த மொழியில் ஒரு எழுத்துகூட வராதே என்றாள் அக்கா. அதைத்தான் அவளும் சொல்கிறாள், உனக்கும் குட்டிக்கும் ஒரே வகுப்பு என்றான் மகன்.

முதல் சில நாட்கள் அவன் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தான். பிறகு அவனுக்கு வேலை நேரம் மாறியது. மாமியாரும் மருமகளும் தனியாக விடப்பட்டார்கள். ஒருத்திக்குத் தெரிந்த மொழி மற்றவளுக்குத் தெரியாது. இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒரு குட்டி மட்டும்.

ஆரம்பத்தில் அக்கா பட்ட பாடு சொல்லி மாளாது. 'ஸிட்ஸ்' என்றால் உட்கார். அவள் அதைச் சொன்ன வேகத்தில் குட்டி சோபாவுக்கு அடியில் போய் ஒளிந்தது. பக்கத்து அறையில் கணவர் உட்கார்ந்துவிட்டார். மருமகள் திரையில் விரலை உதட்டில் வைத்தாள். பிறகு இரண்டு விரலால் ஒரு சிட்டிகை உப்பு எடுப்பதுபோலக் காட்டினாள். அவ்வளவு போதும். அக்கா குறைத்துச் சொன்னாள். மருமகள் தலையை ஆட்டினாள், இன்னும் குறை. அக்கா இன்னும் குறைத்தாள். இன்னும். கடைசியில் அக்காவுக்கே தன் குரல் கேட்கவில்லை. வெறும் மூச்சில், பல்லுக்கு நடுவே, 'ஸிட்ஸ்'.

சோபாவுக்கு அடியிலிருந்து இரண்டு காதுகள் வந்தன. பிறகு முகம். குட்டி வெளியே வந்து அவள் முன்னால் நின்று, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து அவளைப் பார்த்தது. கையில் மறைத்திருந்த வேகவைத்த முட்டைத் துண்டை, மருமகள் காட்டிய மாதிரியே அதன் மூக்குக்கு மேலே மெல்ல உயர்த்தினாள். மூக்கு மேலே போக, பின்பக்கம் தானாகத் தரையைத் தொட்டது. அவள் முட்டையைக் கொடுத்தாள். திரும்பச் செய்தாள். திரும்ப. பிறகு கையில் ஒன்றுமில்லாமல், கையையே அசைக்காமல், அந்த மூச்சை மட்டும் விட்டாள்.

நட்டு உட்கார்ந்தது.

அக்காவுக்குப் புல்லரித்தது. இத்தனைக்கும் பெரிய விஷயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. உலகத்தில் எத்தனையோ நாய்கள் உட்காருகின்றன. ஆனாலும் அவள் வாயிலிருந்து போன ஒரு காற்று, அந்தப் பெரிய காதுக்குள் நுழைந்து, உள்ளே என்னவென்று தெரியாத ஒரு இடத்தில் அர்த்தமாக மாறி, நாலு காலையும் ஒரு வாலையும் அசைத்துவிட்டது. பிள்ளை முதல் முதலாக அம்மா என்று சொன்னபோதுகூட, அது எப்படியும் ஒருநாள் சொல்லும் என்று தெரியும். இந்தக் குட்டி புரிந்துகொள்ளாமலேயே இருந்திருக்கலாம். வாசல் வரைக்கும் வந்து நிற்கும் விருந்தாளி மாதிரி, இது வேறு ஒரு இடத்திலிருந்து அவளைத் தேடி வந்திருந்தது.

"ஃபைன்," என்றாள் மருமகள் திரையில், கண்ணெல்லாம் சிரிப்பாக. நல்லது, அழகு என்று அர்த்தமாம்.

"ஃபைன்," என்றாள் அக்கா குட்டியிடம்.

"பாவம், அதுக்கு எதுக்கு ஃபைன் போடறே?" என்றார் கணவர் அறை வாசலில் நின்று. அவர் காலத்தில் ஃபைன் என்றால் தாமதமாக வந்ததற்குச் சம்பளத்தில் பிடிப்பது.

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்களே. 'ப்ளாட்ஸ்' என்றால் படு. 'ப்ளைப்' என்றால் அங்கேயே இரு. 'ஹியர்' என்றால் இங்கே வா. 'அவுஸ்' என்றால் வாயில் இருப்பதை விடு. இது ஒன்றுதான் கணவருக்கு மிகவும் பிடித்த சொல், மிச்சமிருந்த செருப்பைக் காப்பாற்றியதால். ஆனால் அவர் இரகசியமாக, படுடா ராஜா, உருளுடா ராஜா என்று தன் பங்குக்கு ஒரு வகுப்பு நடத்தினார். நட்டு அவரை அன்போடு பார்த்துவிட்டுத் தன் வேலையைக் கவனிக்கப் போய்விடும்.

அக்கா குட்டியைத் தினமும் டிப்போவுக்குக் கூட்டிப் போனாள். ஸ்டோருக்குள், வடிகட்டிகள் அடுக்கிய இரும்பு அலமாரிக்கு அடியில் அதன் இடம். குட்டி வந்த பிறகு ஸ்டோரில் ஒரு மாற்றம் தெரிந்தது. ஹாரன் அடங்கிவிட்டது. அவள் மெதுவாகப் பேசினாள். ஆச்சரியம் என்னவென்றால், மெக்கானிக்குகள் ஜன்னல் வரைக்கும் வந்து, காதைக் கொடுத்துக் கேட்டுப் போனார்கள். அளவு மாறி எடுத்துப் போவது குறைந்தது.

குட்டி இளம் நாயாக வளர்ந்ததும் மருமகள் புது வார்த்தை ஒன்றைக் கொண்டுவந்தாள். தேடு என்பது அர்த்தம். 'ஸூஹ்' என்று அதைச் சொல்ல வேண்டும். கடைசியில் தொண்டையில் மீன் முள் சிக்கியது மாதிரி ஒரு சத்தம். கணவர் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்து வந்தார். முதலில் அக்காவின் கைக்குட்டையை முகரக் கொடுத்துவிட்டு, இன்னொரு கைக்குட்டையைக் கதவுக்குப் பின்னால் வைத்துத் தேடச் சொல்வது. பிறகு அடுத்த அறையில். பிறகு ஸ்டோரில்.

ஸ்டோரில் அது எப்படி முடியும் என்றுதான் அவள் நினைத்தாள். கிரீஸ், டீசல், புது ரப்பர், பழைய ரப்பர், பேட்டரி அமிலம், ஆளாளுக்கு வியர்வை. மனிதர்களுக்கே உள்ளே வந்தால் தலை சுற்றும். கைக்குட்டையைக் கடைசி அலமாரியில், கிரீஸ் டப்பாக்களுக்குப் பின்னால் செருகிவிட்டு வந்தாள். நட்டு மூக்கைத் தரையோடு வைத்துக்கொண்டு நேராகப் போனது, நின்றது, திரும்பியது, தலையை உயர்த்திக் காற்றைப் பிடித்தது. பிறகு அந்த அலமாரிக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு அவளைப் பார்த்தது. குரைக்கவில்லை, பிராண்டவில்லை. கண்டுபிடித்தால் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அதுதான் பாடம்.

அன்று அவள் வேலை முடிந்தும் கொஞ்ச நேரம் ஸ்டோரிலேயே உட்கார்ந்திருந்தாள். பாதி வாழ்க்கையை இந்த அறையில் கழித்திருக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு எந்தச் சாமானையும் எடுத்துக் கொடுப்பாள். இந்த அறையைத் தன்னைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை என்று நினைத்திருந்தாள். இதற்குள்ளேயே இன்னொரு அறை இருந்திருக்கிறது. அதில் சுவர் கிடையாது. யார் வந்தார்கள், யார் எதைத் தொட்டார்கள், யாருக்கு உடம்பு சரியில்லை என்பதெல்லாம் காற்றில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்த அறைக்குள் இந்த நாய் சர்வ சாதாரணமாகப் போய் வருகிறது. அவள் போக முடியாது.

பிறகு ஆளைத் தேடும் பயிற்சி. டிப்போக்காரர்களுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு வாய்க்கவில்லை. தேநீர் இடைவேளையில் நரைத்த மீசைக்காரர்களெல்லாம் என்னை ஒளித்து வை, என்னை ஒளித்து வை என்று வரிசையில் நின்றார்கள். ஒருவர் தொப்பியைக் கொடுத்துவிட்டு வண்டிக்குள் சீட்டுக்கு அடியில் ஒளிவார். ஒருவர் பெயின்ட் அடிக்கும் கொட்டகைக்குப் பின்னால். நட்டு எல்லோரையும் கண்டுபிடித்தது.

வயரிங் வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன் ஒருவர் இருந்தார். எல்லோரும் ஃபியூஸ் என்பார்கள்; பேச்சுக்கு நடுவே திடீர் திடீரென்று அணைந்து போகிறவர். இந்த விளையாட்டில் அவர் மட்டும் சேரவில்லை. நாய் என்றால் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே பயம். அக்காவிடம் சாமான் வாங்க வந்தாலும் ஒரு கை தூரத்தில் நிற்பார். சர்க்கரை வியாதிக்காரர், அது திடீரென்று இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ளச் சட்டைப் பையில் எப்போதும் நாலு மிட்டாய் இருக்கும்.

அந்தச் சம்பவம் நடந்தது ஒரு கோடைப் பிற்பகலில். வேலை முடிந்து சங்கு ஊதி, எல்லோரும் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். ஃபியூஸைக் காணவில்லை. முதலில் யாரும் கவலைப்படவில்லை. அவருடைய மனைவி வாசலில் வந்து நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது. இருவரும் சேர்ந்து எங்கோ போவதாக இருந்தார்களாம். நெடுநேரமாகப் போன் செய்கிறாளாம், எடுக்கவில்லையாம். போன் அவருடைய அலமாரியில், துண்டுக்குக் கீழே கிடந்தது. மதியச் சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமல் இருந்தது. அதைப் பார்த்ததும் மனைவி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆளாளுக்கு ஓடினார்கள். வண்டிகள் வரிசை வரிசையாக நின்றன. பழுதுக்கு வந்தவை, பழுது பார்த்து முடிந்தவை, காயலான் கடைக்குக் காத்திருப்பவை. கதவுகளைத் திறந்து பார்த்தார்கள், குழிகளுக்குள் விளக்கு அடித்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் அவர் பேரைக் கத்தினார்கள். தகரக் கூரை வெயிலில் காய்ந்து கிடந்தது.

அக்கா அவருடைய துண்டை எடுத்துக்கொண்டாள். நட்டு எழுந்து நின்றது. இது விளையாட்டு இல்லை என்று அதற்குத் தெரியக்கூடாது என்று மருமகள் ஒருமுறை நடித்துக் காட்டியிருந்தாள்: பயத்தை இங்கே வை என்று நெஞ்சைத் தொட்டு, வெளியே சிரிப்பை வை என்று முகத்தைத் தொட்டு. அக்கா சிரிக்க முயன்றாள். துண்டை நாயின் மூக்குக்குக் கீழே பிடித்தாள். நட்டு அதை ஆழமாக உள்ளே இழுத்தது.

"எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க," என்றாள். கத்தாமல்தான் சொன்னாள். இப்படிப்பட்ட நேரத்திலும் ஹாரன் அக்கா கத்தாதது அவர்களுக்குப் புதிது. மைதானம் அடங்கியது.

"ஸூஹ்."

நட்டு முதல் வரிசைக்குள் போனது. வெளியே வந்தது. இரண்டாவது வரிசையைப் பாதி தாண்டி, அங்கிருந்து சம்பந்தமே இல்லாமல் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பியது. மேற்பார்வையாளர் பொறுமை இழந்தார். எலி வாசனை பிடிக்கிறது போலிருக்கிறது, நாம் நம் வேலையைப் பார்ப்போம் என்றார். நாயைக் கூப்பிட அக்காவின் நாக்கு துடித்தது, கூப்பிடவில்லை. மூக்கு வேலை செய்யும்போது நீ அங்கே இல்லை, மரம், கல். அதையும் மருமகள்தான் மரமாக நின்று காட்டியிருந்தாள்.

தொட்டிப் பக்கத்தில் லேசாகக் காற்று இருந்தது. நட்டு நின்றது. தலை உயர்ந்தது. மூக்கின் இரண்டு ஓரங்களும் தனித்தனியாகத் துடிப்பதை அவள் இவ்வளவு தூரத்திலிருந்தும் பார்த்தாள், அல்லது பார்த்ததாக நினைத்தாள். பிறகு அது, ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு போகிற மாதிரி, வளைந்து வளைந்து, கடைசி வரிசைக்குப் போனது. ஏற்கெனவே இரண்டு பேர் ஏறி இறங்கிப் பார்த்த வெளியூர் வண்டி ஒன்று அங்கே நின்றது. நட்டு அதன் படியில் ஏறவில்லை. பக்கவாட்டில் போய், மூடியிருந்த தகரப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தது. உட்கார்ந்து, திரும்பி அக்காவைப் பார்த்தது.

பயணிகளின் பெட்டிகளை வைக்கும் அடியறை அது. மூடினால் கொக்கி தானாக விழுந்துகொள்ளும். உள்ளே ஊர்ந்து போய் விளக்கு வயரைச் சரிபார்த்திருக்கிறார். எப்படியோ பலகை இறங்கிவிட்டது. கொக்கியை நெம்பித் திறந்தபோது, உலையைத் திறந்தது மாதிரி வெப்பம் முகத்தில் அடித்தது. ஃபியூஸ் வயர் சுருளின் மேல் தலை வைத்து, குழந்தை மாதிரி முட்டியை மடக்கிக் கிடந்தார். சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. மூச்சு இருந்தது.

வெளியே இழுத்து நிழலில் போட்டார்கள். யாரோ ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள். மனைவி ஓடி வந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும்வரை நட்டு உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. பாடம் இன்னும் முடியவில்லை. அது தன் வார்த்தைக்காகக் காத்திருந்தது. அக்கா பக்கத்தில் போய்க் குந்தினாள். "ஃபைன்" என்று சொல்ல வாயைத் திறந்தாள். டிப்போவையே ஆட்டிப்படைத்த தொண்டையிலிருந்து ஒன்றும் வரவில்லை. நாயின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மெக்கானிக்குகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். மேற்பார்வையாளர் தன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

ஃபியூஸ் பிழைத்துக்கொண்டார் என்று ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்த பிறகு அவள் மருமகளை அழைத்தாள். மகன் வேலையில் இருந்தான். மருமகள் எங்கோ ஒரு திறந்தவெளியில், மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு நின்றாள். பின்னால் நாய்கள் குரைத்தன. நடந்ததைச் சொல்ல அக்காவிடம் இருந்தது நட்டுவிடம் பேசும் அந்தச் சில வார்த்தைகள்தான். "நட்டு. ஸூஹ்." பிறகு கையால் ஒரு பெட்டியை வரைந்தாள். உள்ளே ஒரு ஆள் என்று தன்னையே மடக்கிக் காட்டினாள். கண்ணை மூடித் தலையைச் சாய்த்தாள். வெயில் என்று மேலே காட்டி, முகத்தைத் துடைத்தாள். மூடியைத் திறந்தாள். "நட்டு. ஸிட்ஸ்."

மருமகளின் முகம் மாறியது. போனைக் கிட்டே கொண்டுவந்தாள். ஒரு கையை நெஞ்சில் வைத்து, விரல்களால் மெல்லத் தட்டிக் காட்டினாள். துடிக்கிறதா என்று கேட்கிறாள். அக்கா தன் நெஞ்சில் கை வைத்துத் தட்டிக் காட்டினாள். துடிக்கிறது. துடிக்கிறது.

அந்தப் பெண் அங்கேயே ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டாள். இருவரும் அழுதார்கள். என்ன பேசினார்கள் என்று கணவர் பிற்பாடு கேட்டபோது அக்காவுக்குச் சொல்லத் தெரியவில்லை. தான் தமிழில் பேசியதும் அவள் ஜெர்மனில் பேசியதும் மட்டும் ஞாபகம் இருந்தது. எல்லாம் புரிந்தது என்றாள்.

ஃபியூஸ் தேறி வந்ததும் ஸ்டோர் ஜன்னலுக்கு வந்தார். ஒரு கை தூரத்தில் நின்று, அலமாரிக்கு அடியில் படுத்திருந்த நட்டுவைப் பார்த்தார். "அக்கா, எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்கு," என்றார். "ஆனா தொடணும்." அவள் 'ப்ளைப்' என்று மூச்சுவிட்டாள். நாய் அசையவில்லை. அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, விரல் நுனியால் அதன் நெற்றியைத் தொட்டார். தொட்ட விரலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த விடுமுறைக்கு மகனும் மருமகளும் வந்தார்கள். அக்கா நட்டுவைக் கூட்டிக்கொண்டு விமான நிலையத்து வாசலில் நின்றாள். அது துள்ளிக் குதித்துப் பாயப்போகிறது என்றுதான் எதிர்பார்த்தாள். தினமும் கேட்ட குரல், தினமும் பார்த்த முகமாயிற்றே. மருமகள் தூரத்திலிருந்தே "நட்டு" என்றாள். நாயின் காது நிமிர்ந்தது. அது அவளைப் பார்க்கவில்லை. அண்ணாந்து, அக்காவின் கையில் இருந்த போனைப் பார்த்தது. குரல் வருகிற இடம் அதுதானே. போனில் ஒன்றும் இல்லை. திரும்பவும் குரல் வந்தது, வேறு பக்கத்திலிருந்து. நாய் குழம்பியது.

மருமகள் ஓடி வரவில்லை. கொஞ்ச தூரத்தில் தரையில் உட்கார்ந்து கையைத் திறந்து வைத்துக்கொண்டாள். நட்டு மெல்லப் போனது. அவள் ஷூவை முகர்ந்தது. முட்டியை, கையை, கழுத்தை, காதோரத்தை. இத்தனை காலம் வாசனையே இல்லாமல் இருந்த ஒரு ஆளுக்கு இப்போது வாசனை வந்திருக்கிறது. குரலையும் இதையும் அது ஒன்றோடொன்று வைத்துத் தைத்துக்கொண்டிருப்பதை அக்கா பார்த்துக்கொண்டு நின்றாள். நேரம் எடுத்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. தையல் முடிந்த கணத்தில் நாயின் உடம்பு முழுவதும் ஒரு நடுக்கம் ஓடி, அது அவள் மடியில் சரிந்து, வெளியே வரத் தெரியாத ஒரு சத்தத்தைத் தொண்டைக்குள் போட்டுக் கடைந்தது.

பெட்டிகளோடு நின்ற மகன், "அம்மா, நானும் வந்திருக்கேன்," என்றான்.

அக்கா அவனைப் பார்க்கவில்லை. மருமகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அந்தக் கிராப்புத் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஏதோ ஒரு சோப்பு, நெடும்பயணத்தின் வியர்வை, கம்பளி, அதற்கு அடியில் லேசாக, வேறு வேறு நாய்களின் ரோம வாசனை. இதற்கு முன் அக்காவும் அந்த வாசனையை அறிந்ததில்லை. கண்ணை மூடி ஒருமுறை நன்றாக உள்ளே இழுத்தாள்.